ஒப்புதல் யாருடையது? பழைய செங்கல்பட்டு மாவட்டமும் மருத்துவ ஆய்வின் அறமும்

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை, காசநோய்த் தடுப்புக்காக உலகில் நடந்த மிகப் பெரிய கள ஆய்வுகளில் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலகச் சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து அதை நடத்தின. 209 ஊராட்சிகளும் திருவள்ளூர் நகரமும் ஆய்வுப் பகுதிக்குள் வந்தன. வீடு வீடாகக் கணக்கெடுத்து 3,66,625 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பதினைந்து ஆண்டுகள், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் யாருக்கெல்லாம் காசநோய் வந்தது என்று பார்த்தார்கள்.

அந்த மாவட்டம் மிகப் பெரியது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியே பிரிந்தது. சோதனை நடந்த ஊர்கள் இன்று திருவள்ளூர் பக்கம் போய்விட்டன. இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்ளும், ஏரிப் பாசனத்தை நம்பிய உத்திரமேரூர் வட்டாரம் அதே பழைய மாவட்டத்தின் தென்பகுதி. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் நெருக்கமான கிராமங்கள் இருப்பது ஆய்வு நிறுவனங்களுக்கு வசதி. 1991இல் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் சோதனையும் இந்த மாவட்டத்துக்கே வந்தது. அதில் 1,71,400 பேர் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தார்கள். மருத்துவ ஆய்வில் மனிதரைச் சேர்ப்பது பற்றிய அறக் கேள்விகள் பெரும்பாலும் நியூரம்பெர்க்கிலும் ஹெல்சிங்கியிலும் தொடங்குவதாகப் பாடநூல்கள் சொல்லும். அவை நடைமுறையில் என்ன ஆகின்றன என்பதை அறிய இந்த ஊர்களைப் பார்ப்பதே நல்ல வழி.

வெற்று ஊசியின் நியாயம்

ஒரு நோய்க்குத் தடுப்பூசி கையில் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு வெறும் ஊசி போடலாமா? செங்கல்பட்டுச் சோதனையைப் பற்றி எழும் முதல் கேள்வி இது. மருத்துவ அறவியல் இதற்கு ஒரு நிபந்தனையோடு விடை தருகிறது. எது நல்லது என்பதில் அறிந்தவர்களுக்கே உண்மையான ஐயம் இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் குலுக்கிப் போடலாம். இல்லாவிட்டால் அது ஒரு பிரிவினருக்குத் தெரிந்தே செய்யும் தீங்கு.

1968இல் ஐயம் இருந்தது. பி.சி.ஜி. மனிதருக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1921இல். 1950இல் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனை, ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு என்று காட்டியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களான ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் நடந்த சோதனையில் அது 14 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இரண்டில் எது இந்தியாவுக்குப் பொருந்தும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே சோதனைக்கு நியாயம் இருந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த ஐயம் ஆய்வாளர்களின் அறையில் பேசப்பட்டது. பொதுமக்களிடம் பேசப்பட்டது உறுதி மட்டுமே. 1948 முதல் அரசு பி.சி.ஜி.யைப் பெருந்திரளான மக்களுக்குக் கொடுத்துவந்தது. தடுப்பூசி கிண்டியில் தயாரானது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குத்தினார்கள். இதற்கு எதிரான குரல் மிக வலுவாக எழுந்த இடமும் சென்னைதான். ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் ஏ.வி. ராமன் 1940களின் இறுதியிலிருந்தே இதை எதிர்த்து எழுதிவந்தார். 1955இல் சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி), சென்னை மாநில முதல்வர் பதவியை விட்டு விலகிய மறு ஆண்டு, பி.சி.ஜி.யைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் திட்டத்தை விடாமல் ஆதரித்தார்.

ராஜாஜியின் மருத்துவ வாதங்கள் பல இன்று நிற்காது. தடுப்பூசியின் ஆபத்தை அவர் மிகைப்படுத்தினார். ஆனால் பயனே நிறுவப்படாத ஒன்றை, முழு விவரமும் சொல்லாமல், ஒட்டுமொத்த மக்கள்மேல் செலுத்தலாமா என்ற கேள்வியை அந்த வாதங்களோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. மருத்துவ ஆய்வில் பொதுமக்களின் பங்கு என்பது தமிழ்நாட்டுக்கு அண்மையில் இறக்குமதியான கருத்து என்று எண்ணுவோர் 1950களின் சென்னைப் பத்திரிகைகளைப் புரட்டினால் போதும்.

முடிவு ஆய்வாளர்களையே அதிர வைத்தது. ஏழரை ஆண்டுகளின் கணக்கு 1979இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. பதினைந்து ஆண்டுகளின் முழுக் கணக்கு 1999இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. தொடக்கத்தில் காசநோய்க் கிருமித் தொற்று இல்லை என்று கணிக்கப்பட்ட 1,09,873 பேரில் பதினைந்து ஆண்டுகளில் 560 பேருக்கு நுரையீரல் காசநோய் வந்திருந்தது. தடுப்பூசி போட்ட பிரிவுகளிலும் வெற்று ஊசி போட்ட பிரிவிலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அறவே இல்லை. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு என்று வந்தாலும், அதுவும் தற்செயலாக இருக்கக்கூடும் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை. இந்தப் பகுதியின் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் மக்களுக்கு முன்பே ஓரளவு எதிர்ப்பாற்றலைத் தந்திருக்கலாம், அதனால் தடுப்பூசி கூடுதலாக எதையும் தர இடமில்லாமல் போயிருக்கலாம் என்பது பின்னர் அதிகம் பேசப்பட்ட விளக்கம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்ததால், பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போடும் வழக்கம் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது.

வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் எதையும் இழக்கவில்லை என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் ஓர் ஆய்வின் அறத்தை அதன் முடிவைக் கொண்டு எடைபோடுவது தவறான கணக்கு. முடிவெடுத்த அன்று என்ன தெரிந்திருந்தது, அதில் எவ்வளவு அந்த மக்களுக்குச் சொல்லப்பட்டது என்பவை மட்டுமே அதற்கு அளவை. புதிய காசநோய்த் தடுப்பூசி வேண்டும் என்று உலகம் உணர்ந்ததில் அந்த 209 ஊராட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முடிவைச் சொன்ன இரண்டு இதழ்களும் ஆங்கில இதழ்கள்.

விதிகள் வந்த வழி

1968இல் இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட ஆய்வு நெறிமுறை எதுவும் இல்லை. நாஜி மருத்துவர்கள்மீதான தீர்ப்பில் பிறந்த 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிகளும், உலக மருத்துவச் சங்கத்தின் 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கையும் இருந்தன. அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சையை மறைத்து 1932 முதல் நடந்துகொண்டிருந்த ஆய்வு வெளியே வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் கொள்கை அறிக்கை 1980இல் வந்தது. அதை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. நெருக்கடி நிலையின்போது உயிர்வாழும் உரிமையை அரசு நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தனித்து நின்று எழுதியவர் அவர். அந்தப் பொறுப்புக்கு அவரைவிடப் பொருத்தமானவரைத் தேடியிருக்க முடியாது. 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் வழிகாட்டுதல்கள் விரிவாயின.

வழிகாட்டுதல் சட்டம் ஆகாது. சட்டத்தின் கை மருந்துச் சோதனைகளில் மட்டுமே நீண்டது, அதுவும் கெட்ட செய்திகள் வந்த பிறகே. 2005இல் விதி மாற்றப்பட்டு, வெளிநாட்டில் ஒரு கட்டச் சோதனை நடக்கும்போதே அதே கட்டத்தை இந்தியாவிலும் நடத்தலாம் என்றானது, சோதனைகள் பெருகின. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போடும் ஆய்வு தொடங்கியது. அமெரிக்க அமைப்பான பாத், ஆராய்ச்சிக் கவுன்சிலோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சிறுமிகள் சிலர் இறந்த செய்தி வந்ததும் 2010இல் அது நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதை ஐயப்பட மருத்துவக் காரணம் இல்லை. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர் கையெழுத்திட்டது அதே விசாரணையில் வெளிவந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி பாதுகாப்பானதாகவே இருந்தாலும் ஒப்புதல் பொய்யாக இருக்க முடியும். கம்மத்தின் பாடம் இது. ஊடகங்களில் மரணங்களே பெரிதாகப் பேசப்பட்டதால் இது மங்கிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு ஒருபுறம், நிலைக்குழுக்கள் மறுபுறம் நெருக்க, 2013இல் இழப்பீட்டு விதியும் நெறிமுறைக் குழுக்களைப் பதிவுசெய்யும் விதியும் வந்தன. 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் என்ற பெயரில் எல்லாம் ஒரே தொகுப்பாகின.

இந்தத் தொகுப்பில் ஒரு பிளவு உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. புதிய மருந்தையோ தடுப்பூசியையோ சோதித்தால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும்; பதிவு, இழப்பீடு, காலக்கெடு எல்லாம் கட்டாயம். மருந்து இல்லாத ஆய்வு, அதாவது ரத்தசோகைக் கணக்கெடுப்பு, சர்க்கரை நோய்ப் பரிசோதனை, கண் பரிசோதனை, நடத்தை பற்றிய கேள்வித்தாள் போன்றவை, சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் பார்வையோடும் 2017ஆம் ஆண்டின் வழிகாட்டுதலோடும் நின்றுவிடும். உத்திரமேரூர் போன்ற வட்டாரங்களுக்குள் வரும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. மருந்துக் கம்பெனியை மனத்தில் வைத்து நெய்த வலையில் இவை சிக்குவதில்லை.

கையெழுத்து வாங்கும் இடம்

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்டம் அறிந்தவர், மருத்துவம் சாராத ஒரு சாமானியர், சமூக அறிவியலோ அறவியலோ தெரிந்த ஒருவர் கட்டாயம். பாதிப் பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும்; தலைவரும் வெளியாள். மருந்துச் சோதனை நடக்கும் இடத்தில் சொந்தக் குழு இல்லாவிட்டால், அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள வேறொரு குழுவை நாடலாம். உத்திரமேரூரிலிருந்து அளந்தால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி இந்த வட்டத்துக்குள் வந்துவிடும். சென்னையின் பெரிய நிறுவனங்கள் அதற்கு வெளியே. தூரத்தைச் சட்டம் அளந்துவிட்டது. அந்தச் சாமானிய உறுப்பினர் எந்த ஊர்க்காரர், வயலில் நின்றவரா, ஆய்வுக்கு உட்படும் மக்களோடு பேசிப் பழகியவரா என்பதை அது அளக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் வங்கி அதிகாரியும் சாமானியர் என்ற தகுதியை முழுமையாக நிறைவேற்றுகிறார்கள்.

குழு அனுமதித்த ஆய்வு ஊருக்குள் வரும்போது யார் கைப்பிடித்து வருகிறது என்பது முக்கியம். வெளியிலிருந்து வரும் கள ஊழியர் தனியாக ஒரு தெருவுக்குள் நுழைந்து ரத்தம் எடுக்க முடியாது. கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியோ கூட வர வேண்டும். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் மாதாமாதம் வீட்டுக்கு வரும் செவிலியர் அழைத்துவந்தால் அது அரசாங்கக் காரியம் என்றே குடும்பம் நினைக்கும். அவர் கேட்டு மறுப்பது மரியாதைக் குறைவு. நாளை அவரிடமே போய் நிற்க வேண்டும். ஒப்புதல் தானாக முன்வந்து தரப்பட வேண்டும் என்று படிவம் சொல்கிறது. மறுப்பதற்கு விலை உண்டா என்பதே அதை முடிவு செய்கிறது.

ஆய்வையும் சிகிச்சையையும் பிரித்துப் பார்ப்பது எங்கும் கடினம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் அது இன்னும் கடினம். வெள்ளை அங்கி, ரத்த அழுத்தக் கருவி, சீட்டு, வரிசை எல்லாம் அதேபோல் இருக்கும்போது தன் உடலுக்காகச் செய்கிறார்கள் என்று நம்புவது இயல்பு. எடுக்கும் ரத்தத்தில் ஒரு பகுதி உறைபெட்டியில் பல ஆண்டுகள் வைக்கப்படும், நாளை வேறொரு கேள்விக்கும் பயன்படும் என்பது படிவத்தின் ஏழாவது பக்கத்தில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருந்து, விளக்கியது உண்மை என்று கையெழுத்திட வேண்டும். ஊருக்குள் நடுநிலையாளரைத் தேடப் பொழுது இருக்காது. கூட வந்த பணியாளரே சாட்சியாவது எளிது, அதனாலேயே அங்கு விதி பலவீனமாகிறது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் பெற்றோரின் ஒப்புதலுக்கு மேல் அவர்களுடைய இசைவையும் கேட்க வேண்டும். 2013 நவம்பர் முதல் மருந்துச் சோதனைகளில் ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. 2015இல் அது நலிந்த பிரிவினர் பங்கேற்கும் சில வகைச் சோதனைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.

வேலை நேரமும் ஓர் அறச் சிக்கல். ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியலில் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பகல் பத்து மணிக்கு வரும் ஆய்வுக் குழுவுக்குக் கிடைப்பவர்கள் முதியவர்களும், நூறு நாள் வேலைக்குப் போகாத பெண்களும். ஆய்வு முடிவில் அவர்களே அந்த ஊர் ஆகிவிடுவார்கள். இழந்த கூலிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் பணம் தரலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. ஆசை காட்டும் அளவுக்குத் தரக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது எச்சரிக்கைக்குக் கிடைக்கும் கவனம் முதலாவதற்குக் கிடைப்பதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து ஆய்வுக்கு வருகிறவர் ஏமாற்றப்படுகிறார் என்று எவரும் எழுதுவதில்லை.

ஊருக்காகப் பேசுவது யார்

கிராம ஆய்வுகளில் ஊராட்சித் தலைவரின் அனுமதி வழக்கமாகப் பெறப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் இதை ஏற்கிறது. ஆனால் ஊர்த்தலைவரின் சம்மதமோ கணவரின் சம்மதமோ தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. தலைவர் சொன்ன பிறகு மறுப்பது எளிதா என்பது வேறு கேள்வி.

உத்திரமேரூருக்கு இந்த இடத்தில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. மக்களாட்சியின் பிறப்பிடம் என்று மேடைகளில் இதை ஓயாமல் சொல்கிறார்கள். அது மிகை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள, 35 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களின் சபை அது. ஊரில் உழைத்த பெரும்பான்மைக்கு அதில் ஓலை இல்லை. மறுபுறம், அதே கல்வெட்டில் தகுதியின்மை விதிகள் வியப்பூட்டும் நுட்பத்தோடு இருக்கின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவரும் வர முடியாது. சொந்த நலனும் பொதுப் பொறுப்பும் மோதக் கூடாது என்ற எண்ணம் இன்றைய நெறிமுறைக் குழு விதிகளிலும் இருக்கிறது. ஊர் என்று சொன்னால் யார் என்ற கேள்விக்கு இரண்டுமே சரியாக விடை சொல்லவில்லை. ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமத்தில் ஒரே ஒரு சமூகப் பிரதிநிதி என்பவர் யாருடைய பிரதிநிதி?

இந்தச் சிக்கலை ஓரளவேனும் எதிர்கொண்டது எச்.ஐ.வி. ஆய்வு. 2006இல் சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனையை நடத்தியபோது சமூக ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகளின் குரலும் அதில் இருந்தது. அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றியவர்களே ஆய்வுக்கூடங்களின் வாசலில் நின்று போராடிப் பெற்ற வழக்கம் அது. காசநோயாளிகளுக்கோ சர்க்கரை நோயாளிகளுக்கோ அப்படிப்பட்ட இயக்கம் இல்லை. ஆகவே அவர்களுக்கு அப்படிப்பட்ட குழுக்களும் அரிது. பெரும்பாலான ஆய்வுகளில் பொதுமக்களின் பங்கு, கேள்விகள் எல்லாம் முடிவான பிறகு விளக்கக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதோடு முடிகிறது. எதை ஆய்வு செய்வது என்பதில் அவர்களுக்கு இடமில்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டால் பாம்புக்கடியும் நாய்க்கடியும் ஏரி நீரின் தரமும் முதலில் வரக்கூடும். நிதி வழங்குவோரின் பட்டியலில் அவை முதலில் வருவதில்லை.

எதையும் செய்யாத பிரிவு

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு, செங்கல்பட்டின் வெற்று ஊசிக் கேள்வியை வேறொரு வடிவில் எழுப்பியது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இதில் இருந்தன. ஊர்த்தொகுதிகள் குலுக்கப்பட்டு, 49,311 பெண்கள் பரிசோதனைப் பிரிவிலும் 30,958 பெண்கள் ஒப்பீட்டுப் பிரிவிலும் வந்தார்கள். முதல் பிரிவில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையைக் கையாண்டார்கள். இரண்டாம் பிரிவுக்கு வழக்கமான வசதிகளே. அந்த வழக்கத்தில் பரிசோதனை எதுவும் இல்லை. 2007இல் வெளியான முடிவின்படி பரிசோதனைப் பிரிவில் நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன.

இது தமிழ்நாட்டின் பெருமைக்குரிய ஆய்வு. பணக்கார நாட்டு ஆய்வகங்கள் இல்லாமலே பெண்களின் உயிரைக் காக்கலாம் என்று நிரூபித்தது. அதோடு, மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்த இதேபோன்ற ஆய்வுகளையும் சேர்த்து, பரிசோதிக்காமல் விட்ட பெண்களைப் பற்றிய கண்டனமும் எழுந்தது. கருப்பைவாய்ப் பரிசோதனை பயன் தரும் என்பது மேலைநாடுகளில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. எனவே ஐயம் உண்மையானதா? இந்த எளிய முறை இந்திய கிராமத்தில் மரணத்தைக் குறைக்குமா என்பது அப்போது தெரியாது என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஒப்பீட்டுப் பிரிவுக்கு ‘வழக்கமான வசதி’ என்று சொல்லும்போது, அந்த வழக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்ற கேள்வியை ஆய்வு தனக்கு வெளியே தள்ளிவிடுகிறது. வறுமை, ஆய்வுக்கு வசதியான ஒப்பீட்டுப் பிரிவாகிவிடக் கூடாது.

தீங்கு நேர்ந்தால்

மருந்துச் சோதனையில் கடும் பாதிப்பு நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் விரிவான அறிக்கை, 30 நாளுக்குள் நெறிமுறைக் குழுவின் கருத்து, 90 நாளுக்குள் மத்திய அதிகாரியின் ஆணை, அதன்பின் 30 நாளுக்குள் பணம். மரணத்துக்கான இழப்பீட்டுச் சூத்திரத்தில் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக் காரணியாலும், நோயின் தீவிரத்தைக் குறிக்கும் 0.5 முதல் 4 வரையிலான எண்ணாலும் பெருக்கி 99.37ஆல் வகுப்பார்கள். முழு நலத்தோடு சோதனைக்கு வந்த 65 வயதுக்காரர் இறந்தால் 32 லட்சம். அதே வயதில், ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் வந்தவருக்கு 4 லட்சம். சூத்திரத்தில் வருமானம் இல்லை. விபத்து வழக்குகளில் கூலிக்காரரின் உயிர் அதிகாரியின் உயிரைவிட மலிவாகக் கணக்கிடப்படும் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும், 2020இல் சென்னையில் கொரோனா தடுப்பூசிச் சோதனையில் பங்கேற்ற ஒருவர் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். தடுப்பூசி தயாரித்த சீரம் நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்ததோடு, தன் பெயரைக் கெடுத்ததற்காக 100 கோடிக்கு மேல் கேட்கப்போவதாக அறிவித்தது. பாதிப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே பின்னர் முடிவாயிற்று. அந்த முடிவு சரியாகவே இருக்கட்டும். புகார் சொன்ன பங்கேற்பாளரை வழக்குத் தொகையால் அச்சுறுத்துவதைத் தடுக்க விதிகளில் ஒரு வரியும் இல்லை. சென்னையில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கே இது நடந்தது. மருந்தில்லாத ஆய்வில் தீங்கு நேர்ந்தால் இந்தச் சூத்திரமும் காலக்கெடுவும் பொருந்தாது.

உடலுக்கு நேரும் தீங்கை அளக்கலாம். தகவலால் நேரும் தீங்கை அளப்பது கடினம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுவாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளும் வீட்டுவாசலிலேயே பதிவாகின்றன. சிகிச்சைக்காகச் சேர்ந்த இத்தகைய தகவல் ஆய்வாளருக்குப் புதையல். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் தரவைப் பயன்படுத்துவதற்கு விலக்கு தருகிறது. தனிமனிதர் எவரையும் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, வகுத்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். சிறிய ஊரில் பெயரை நீக்குவது போதாது. வயது, தெரு, சாதி, நோய் என்ற நான்கும் ஓர் அட்டவணையில் இருந்தால் ஊர்க்காரருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். தொழுநோயும் காசநோயும் கல்யாணப் பேச்சை முறிக்கும் இடத்தில் அது பொருட்படுத்த வேண்டிய ஆபத்து.

முடிவைத் திருப்பிச் சொல்வது

1991இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையில் நான்கு தடுப்பூசிகளும் ஒரு வெற்று ஊசியும் ஒப்பிடப்பட்டன. 1998இல் வந்த கணக்கின்படி மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 விழுக்காடும், பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி சேர்த்தது 64 விழுக்காடும் பாதுகாப்புத் தந்தன, எம்.டபிள்யூ. என்ற தடுப்பூசி 25.7 விழுக்காடு. ஆனால் அதிகம் பயன் தந்த இரண்டும் பொதுச் சுகாதாரத் திட்டத்துக்குள் வரவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. குறைவாகப் பயன் தந்த எம்.டபிள்யூ., இம்யூவாக் என்ற பெயரில் காசநோய்க்காக மறுபடி களத்துக்கு வந்தது. 2019இல் ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய சோதனையில், காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அது சோதிக்கப்பட்டது. ஒரு மாவட்டத்து மக்கள் தந்த அறிவு இப்படி நோய்விட்டு நோய் தாவிப் பயணம் செய்கிறது. தந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் செய்தி போய்ச் சேர ஏற்பாடு இல்லை.

ஏற்பாட்டுக்கான கருவிகள் இல்லாமல் இல்லை. 2009 முதல் மருந்துச் சோதனை ஒவ்வொன்றும், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர், வீடு, வேலை அட்டை பேசப்படும் அந்தக் கூட்டத்தில், ஊரில் ரத்தம் எடுத்துச் சென்ற ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத் தடை ஏதுமில்லை. கேட்டால் ஆய்வாளர் வந்து பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி அறிக்கை, ஆய்வுக்கு முன்பும் நடக்கும்போதும் முடிந்த பின்பும் பங்கேற்பாளரையும் அவர்களுடைய சமூகத்தையும் பொருள்படச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதலும் முடிவைச் சமூகத்துக்குத் திருப்பிச் சொல்லும்படி எதிர்பார்க்கிறது. எந்த மொழியில், எத்தனை மாதத்துக்குள், யாருடைய செலவில், சொல்லாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்ற நான்கும் 2019ஆம் ஆண்டின் விதிகளில் இடம்பெறவில்லை.